‘ஹை நூன்’ படத்தில் மூடிய கதவுகள்

மாலதி அத்தை: அனைவருக்கும் வணக்கம். கார்த்திக் சொன்ன ‘ஹை நூன்’ படத்தை நேற்றிரவு பார்த்தேன். கௌபாய் படம் என்றால் குதிரையும் புழுதியும் துப்பாக்கிச் சண்டையும்தான் என்று எண்ணி உட்கார்ந்த எனக்கு, 85 நிமிடப் படத்தின் பெரும்பகுதி ஒரு மனிதர் வீடு வீடாகச் சென்று துணைக்கு ஆள் கேட்பதிலேயே கழிந்தது பெரிய வியப்பு.

கார்த்திக்: அத்தை, 1952-இல் வந்த படம் அது. காலை பத்தரை மணியளவில் கதை தொடங்குகிறது. ஊரின் சட்டக் காவலரான மார்ஷலைப் பழிவாங்க வரும் ஃபிராங்க் மில்லர் நண்பகல் ரயிலில் வந்து இறங்குவான். படத்தில் கடிகாரம் ஓடும் வேகமும் நம் வீட்டுக் கடிகாரம் ஓடும் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால்தான் அந்தப் பதற்றம் நம்மையும் பற்றிக்கொள்கிறது.

மாலதி அத்தை: ஆமாம். ஆனால் என்னை உலுக்கியது கடிகாரம் அன்று, சாம் என்ற நண்பரின் வீட்டு வாசல். அவர் உள்ளே ஒளிந்துகொண்டு, தான் தேவாலயத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி மனைவியை அனுப்புகிறார். நீங்கள் உடன் போகவில்லையா என்று மார்ஷல் கேட்டதும், உடை மாற்றிக்கொண்டு பிறகு போகப்போவதாக அந்தப் பெண் சொல்கிறாள். பொய் என்று இருவருக்கும் தெரிகிறது. மார்ஷலாக நடித்த கேரி கூப்பர் கோபப்படாமல் திரும்பி நடக்கும்போது அந்த முகத்தில் தெரியும் களைப்பை எந்த வசனத்தாலும் சொல்லியிருக்க முடியாது. இதற்காகவே அவருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள் என்றால் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன்.

பெரியப்பா: மாலதி, எனக்கு அந்த மார்ஷலை ஏற்க முடியவில்லை. சட்டத்தைக் காக்க வேண்டியவர் ஊர் முழுவதும் கையேந்தி நிற்கலாமா? இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் இதே மனக்குறை இருந்ததால்தான், அதற்குப் பதில் சொல்வது போல 1959-இல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார். அதில் நாயகனாக வரும் ஜான் வெய்ன் யாரிடமும் உதவி கேட்பதில்லை. வருபவர்களைக்கூட வேண்டாம் என்கிறார்.

மாலதி அத்தை: அண்ணா, தவறாக எண்ண வேண்டாம். வெய்னுக்குப் பக்கத்தில் ஒரு குடிகாரரும், கால் ஊனமுற்ற முதியவரும், ஓர் இளைஞனும் கடைசிவரை நிற்கிறார்கள் அல்லவா? கூப்பருக்கும் உதவ முன்வருபவர்கள் ஒற்றைக் கண் குடிகாரரும் ஒரு சிறுவனும்தான்; அவர்கள் வீணாகச் சாகக் கூடாது என்று அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார். எனக்கு இது கையேந்தலாகத் தெரியவில்லை.

வித்யா அக்கா: அத்தை சொல்வதுதான் எனக்கும் படுகிறது, அப்பா. ஆனால் வெய்ன் நடித்தவற்றில் ‘தி சர்ச்சர்ஸ்’ மட்டும் என்னை விடவே மாட்டேன் என்கிறது. இருட்டான வீட்டுக்குள்ளிருந்து கதவு திறக்க, வெளியே பாலைவெளி தெரிகிறது. முடிவில் எல்லோரும் உள்ளே போன பிறகு வெய்ன் மட்டும் வெளியே நிற்கக் கதவு மூடுகிறது. கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் மீது அவ்வளவு வெறுப்பைச் சுமந்தவருக்கு அந்த வீட்டில் இடமில்லை என்று இயக்குநர் ஜான் ஃபோர்டு சொல்வதாகவே நான் புரிந்துகொள்கிறேன். இருப்பினும், அந்த மக்களின் தலைவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஒரு வெள்ளையர் என்று அறிந்தபோது மிகவும் வருந்தினேன். அவர்களுடைய கதையை அவர்கள் முகத்தோடு சொல்ல 1956-இல் யாருக்கும் தோன்றவில்லை.

கார்த்திக்: அக்கா சொல்வது உண்மை. பழைய கௌபாய் படங்கள் பலவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது.

மாலதி அத்தை: ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தை அடுத்த வாரம் பார்க்கிறேன், வித்யா. அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘ஹை நூன்’ படத்தில் மணி பன்னிரண்டை நெருங்கும்போது ஊரார் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போகும் இடத்தில், காலியான ஒரு நாற்காலியையும் காட்டுகிறார்கள். உயிரோடு திரும்பி வந்து கொல்வேன் என்று மில்லர் சூளுரைத்தது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான். அதைக் காட்டிய மறுகணம் ரயிலின் ஊதல் கேட்கிறது. சுட ஒரு துப்பாக்கிகூட எடுக்கப்படாத அந்த இடத்தில் எனக்குக் கை சில்லிட்டுப் போனது. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

பெரியப்பா: நாற்காலி என் நினைவிலேயே இல்லை, மாலதி. கார்த்திக், அந்தப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று எனக்கும் அனுப்பி வை. இன்று இரவு உணவுக்குப் பிறகு மறுபடியும் பார்க்கிறேன்.