மறு: டிரெயின் பிளக், டிரெயின் வால்வு: தமிழில் என்ன?

வணக்கம்ங்க.

> டிரெயின் பிளக் = வடிகால் அடைப்பான்
> டிரெயின் வால்வு = வடிகால் அடைப்பிதழ்

வண்டிப் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் என்று குழுவில் இந்தப் பட்டியல் போட்ட ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. 'வடிகால் அடைப்பான்' என்றதும் எனக்குச் சாக்கடை அடைத்துக்கொண்டதுதான் நினைவுக்கு வருகிறது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் பையனிடம் இதை எப்படிச் சொல்வது?

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். என்ஜினுக்குக் கீழே எண்ணெய் நிற்கும் தொட்டிதான் ஆயில் சேம்பர். பழைய எண்ணெயை வடிக்க அதன் அடியில் மரை (திருகுப் புரி) வெட்டிய ஓட்டை. அதில் ஏறுவது ஒரு போல்ட். பல கார்களில் 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி. கசிவை நிறுத்துவது நடுவில் நசுங்கும் செம்பு அல்லது அலுமினிய வாசர். அதனால்தான் ஒவ்வொரு முறையும் புது வாசர் போடச் சொல்கிறார்கள். ஆக, அந்த போல்ட்டின் வேலை திருகுவது. 'வடிதிருகு' என்றால் போதும். "தம்பி, வடிதிருகைக் கழட்டு." வாயில் நிற்கிறதா இல்லையா? (மச்சான் வண்டியில் ஒரு பட்டறைக்காரர் வலுவாக இறுக்கி அலுமினியச் சேம்பரின் மரையையே தின்றுவிட்டார். அன்றைக்கு மச்சான் சொன்ன சொற்களைக் குழுவில் எழுத முடியாது.)

வால்வு வேறு சாதி. போல்ட் இருந்த இடத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டால் கழட்டும் வேலையே இல்லை. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பி எண்ணெய் இறங்கும். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இது கைகொடுக்கும். கம்ப்ரசர் என்ஜினுக்குக் கிலோமீட்டர் ஏது? மணிக்கணக்குத்தான். எண்ணெய் மாற்ற 250 மணி நேரத்துக்கு ஒருதரம் என்று போல்ட்டைக் கழட்டி மாட்டினால் மரை எத்தனை நாள் தாங்கும்? தரையோடு ஒட்டிப் போகும் காருக்கு மட்டும் யோசித்து வாங்குங்கள். வால்வு கீழே நீட்டிக்கொண்டிருந்தால் கல் பட்டு உடையும். கைப்பிடி தானாகத் திரும்பாதபடி பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு நான் முன்பே குழுவில் சொன்ன சொல் 'வடிமடை'. கழட்டாமல் திறந்து மூடுவதற்கு நம் காட்டில் ஏற்கெனவே இருக்கும் சொல் மடை. 'வடிமதகு' என்றும் யோசித்தேன். ஆனால் மதகு என்றால் கீழ்பவானி வாய்க்கால் கண்முன் வருகிறது. கட்டைவிரல் அளவு சாமானுக்கு அது அதிகம்.

> மடை வயலுக்குள் தண்ணீர் விடுவதுங்க. வெளியேற்றுவதற்கு எப்படிப் பொருந்தும்?

வயலில் நின்று பார்த்தால் உள்ளே வருகிறது அண்ணா, வாய்க்காலில் நின்று பார்த்தால் வெளியே போகிறது. சேம்பர்தான் இங்கே வாய்க்கால்.

> வால்வு என்றே விட்டால் என்ன? ஃபுட்வால்வு தெரியாத விவசாயி உண்டா?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சைக்கிள் வால்டியூப் காலத்திலிருந்து அது நம் வீட்டுச் சொல்தான். ஆனால் 'வடிவால்வு' என்று சொல்லிப் பாருங்கள், எதற்கோ வால் முளைத்த மாதிரி இருக்கிறது. 'ஆயில் வால்வு' என்றாலோ என்ஜின் தலைக்குள் இருக்கும் வால்வோடு குழம்பும்.

நுனியில் காந்தம் வைத்து இரும்புத்தூளைப் பிடிக்கும் வடிதிருகும் இருக்கிறது. அதற்குக் 'காந்த வடிதிருகு' போதுமா, இன்னும் சுருக்க முடியுமா? யாராவது சொல்லுங்க.