பழைய வீட்டு ஆபீஸ், பல வகைக் கம்ப்யூட்டர், ஒரே சர்வர்: உங்கள் அனுபவம் என்ன?

கானாடுகாத்தானிலிருந்து:

எங்கள் டைல்ஸ் ஆபீஸ் நடப்பது ஐயா காலத்து வீட்டில். முகப்பில் பில்லிங், வளவில் (உள்முற்றத்துப் பகுதியில்) டிசைன், இரண்டாம் கட்டில் சர்வர். சுண்ணாம்புச் சுவர்களின் தடிப்புக்கு வைஃபை வளவைத் தாண்டாது. தேக்குத் தூணில் ஆணி அடிக்க ஆச்சி சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். தாழ்வாரத்து ஓட்டுச் சரிவுக்கு அடியில் பைப் போட்டு கேபிள் இழுத்தோம்.

சர்வரில் உபுண்டு லினக்ஸ், அதில் விண்டோஸ், மேக் மெஷின்களோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா. விண்டோஸ் 10 இரண்டும் மேக் ஒன்றும் அன்றே சேர்ந்துவிட்டன. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மெஷின் மட்டும் சேரவில்லை. பழைய பில் சாஃப்ட்வேரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதில்தான். பிங் போகிறது, அதாவது இணைப்பு இருக்கிறது; ஆனால் ஷேர், அதாவது சர்வரில் பகிர்ந்த ஃபோல்டர், திறக்கவில்லை. பாஸ்வேர்டு, ஃபயர்வால் என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை மட்டும். 2019-ல் வந்த சாம்பா 4.11 முதல் அது அணைத்தே வருகிறது.

அதைத் திரும்ப இயக்க சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினேன், ஷேரும் திறந்தது. ஆனால் 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு பழைய மெஷினுக்காக அதை மறுபடி உயிர்ப்பிக்க மனசு ஒப்பவில்லை. மறுநாளே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

இப்போது எக்ஸ்பிக்கு இன்டர்நெட் கிடையாது, ரூட்டரிலேயே தடுத்தாச்சு. சாயங்காலம் ஒரு பேட்ச் ஃபைலைத் தட்டினால் அன்றைய பில் டேட்டா எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் ஒரு பழைய முறை) வழியாக சர்வரில் ஒரே ஒரு ஃபோல்டருக்குப் போகும். அந்த எஃப்டிபி எக்ஸ்பியின் ஐபிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "பென் டிரைவை விட இது லேசா இருக்கே தம்பி" என்றார் பில் போடும் அண்ணன்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, எங்கள் அச்சகத்தில் எல்லாமே சேர்ந்தது, அப்புறம்தான் சிக்கல். கல்யாண அழைப்பிதழ்களை ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டு வைப்போம். டிசைனர் தன் பழைய மேக்கிலிருந்து ஜிப் பண்ணிக் கொடுத்ததை சர்வரில் விரித்தேன். மறுநாள் பார்த்தால் கோட்டையூர் இரண்டு! எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், உள்ளே வேறு வேறு ஃபைல்கள். கோனாபட்டும் தேவகோட்டையும் அதே மாதிரி. காரைக்குடி, பள்ளத்தூர் மட்டும் ஒன்றே ஒன்று.

அந்த வித்தியாசம்தான் வழி காட்டியது. இரட்டித்த பெயர் எல்லாவற்றிலும் 'கோ' இருந்தது. எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம் பிரித்து வைக்கும். நாம் விண்டோஸில் தட்டச்சு செய்தால் சேர்ந்தே வரும். எண்ணிப் பார்த்தேன்: ஒரு கோட்டையூரில் 10 குறியீடு, மற்றதில் 11. கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு.

இரட்டை ஃபோல்டர்களில் இருந்ததைக் கையாலேயே ஒன்றுசேர்த்தேன். மற்ற பெயர்களை கான்வ்எம்வி என்ற கருவி திருத்தியது. என்னவெல்லாம் மாற்றப்போகிறது என்று முதலில் காட்டிவிட்டு, நாம் சொன்னால்தான் மாற்றும்; அதனால் தைரியமாக ஓட்டலாம். இப்போது ஊர் ஃபோல்டர்கள் சர்வரிலேயே தயாராக இருக்கின்றன. ஜிப் வந்தால் உள்ளே இருக்கும் அழைப்பிதழ்களை மட்டும் எடுத்து அதனதன் ஊரில் போடுகிறோம்.