எல்ஃபின் பூட்ஸைக் கழற்றினால் காலே இல்லை! அவசரம், உதவுங்கள்

பாண்டி_பிக்சல் | வெள்ளி, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். எங்கள் கேமில் ஹீரோ ஒரு எல்ஃப், கற்பனைக் கதைகளில் வருகிற நீண்ட காது இனத்தவன். காட்டில் பிறந்தவன், அவனுக்கு எதற்கு பூட்ஸ், வெறுங்கால்தான் வேண்டும் என்று டீமில் முடிவாகிவிட்டது. பூட்ஸை டிலீட் செய்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை! ஆள் அந்தரத்தில் நடக்கிறான். அனிமேஷன் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. திங்கட்கிழமை காலேஜில் ரிவ்யூ. என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்தான் | 11:52

எந்த எஞ்சின் (கேமை இயக்கும் மென்பொருள்)? மாடல் நீங்கள் செய்ததா, வாங்கியதா? எங்கே டிலீட் செய்தீர்கள், மாடல் செய்யும் பிளெண்டரிலா, எஞ்சினிலேயேவா? ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால் புண்ணியமாகப் போகும்.

டிரைவர்_தாஸ் | 11:58

கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரை அப்டேட் செய்து பாருங்கள் ப்ரோ. எனக்கு ஒருமுறை கேரக்டருக்குத் தலையே வரவில்லை. டிரைவரை மாற்றியதும் வந்துவிட்டது.

நிரலாசான் | சனி, நள்ளிரவு 12:10

தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எஞ்சின் பெயர் இல்லை, ஃபைல் ஃபார்மட் இல்லை, படம் இல்லை. "அவசரம்" மட்டும் இருக்கிறது. இந்த மாதிரி கேள்விகளுக்கு நான் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கப் பழகுங்கள். போகட்டும். இது ஸ்கேல் (மாடலின் அளவு) பிரச்சினை. பிளெண்டரில் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யாமல் எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

உவர்மண் | 12:31

ஸ்கேல் தப்பாக இருந்தால் முழு ஆளும் சிறுத்தோ பெருத்தோ வருவான், கால் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? எனக்கென்னவோ நார்மல் (பரப்பின் வெளிமுகம் எது என்று காட்டும் திசை) உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று தோன்றுகிறது. பின்பக்கத்தை எஞ்சின் வரையாது, அதனால் கால் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. பிளெண்டரில் ஃபேஸ் ஓரியன்டேஷனை ஆன் செய்யுங்கள். சிவப்பாகத் தெரிந்தால் அதுதான்.

பாண்டி_பிக்சல் | சனி, காலை 9:15

எஞ்சின் கோடோ 4. மாடல் ஆன்லைனில் வாங்கியது, எஃப்பிஎக்ஸ் ஃபைல். பிளெண்டரில்தான் டிலீட் செய்தேன். ஸ்கேல் அப்ளை செய்தேன், மாற்றமில்லை. சிவப்பாக எதுவும் இல்லை. டிரைவர் புதுசுதான். ராத்திரி மழையில் கரண்ட் போய்விட்டது, அதான் லேட். ஸ்கிரீன்ஷாட் அப்புறம் போடுகிறேன்.

நிரலாசான் | 9:22

சரியாக அப்ளை செய்திருக்க மாட்டீர்கள். ஆர்மேச்சருக்கும் (மாடலின் எலும்புக்கூடு) சேர்த்துச் செய்ய வேண்டும்.

தேங்காய்த்திட்டு | 9:50

தம்பி, உங்கள் மாடலில் ஒரு கோளாறும் இல்லை. பூட்ஸுக்குள் கால் என்று ஒன்று முதலிலிருந்தே கிடையாது.

கேரக்டர் செய்கிறவர்கள் உடைக்கு அடியில் மறைகிற தோலை வெட்டி எடுத்துவிடுவார்கள். வைத்திருந்தால் ஓடும்போதும் குதிக்கும்போதும் தோல் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதோடு, யார் கண்ணிலும் படாத பாலிகனை (மாடலின் பரப்பை ஆக்கும் சிறு தளங்கள்) எஞ்சின் எதற்குச் சுமக்க வேண்டும்? நேரு வீதி ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையின் புடவையை அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே ஒற்றைக் கம்பிதானே இருக்கிறது, அதே கதை. அனிமேஷன் ஓடுவது எலும்புகளால். பாத எலும்பும் விரல் எலும்பும் ஆர்மேச்சரில் இன்னும் இருக்கின்றன, அவற்றின் மேல் போர்த்தத் தோல்தான் இல்லை.

ஆகவே கால் செய்ய வேண்டும். திங்கட்கிழமைக்குள் விரல் விரலாகச் செதுக்க முடியாது. மேக்ஹியூமன் என்ற இலவச மென்பொருளில் ஓர் உடம்பை உருவாக்கி எடுங்கள். அதிலிருந்து வெளிவரும் மாடல்கள் சிசி0 உரிமத்தில் வருகின்றன, யாரையும் கேட்க வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ளதை மட்டும் வெட்டி உங்கள் எல்ஃபுக்குப் பொருத்துங்கள்.

முக்கியமான விஷயம்: பழைய பூட்ஸ் இருக்கும் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த எலும்பு எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற வெயிட் முழுக்க அந்த பூட்ஸில்தான் இருக்கிறது. டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையர் போட்டு, பூட்ஸை மூலமாகக் காட்டி, வெர்டெக்ஸ் குரூப்பை (வெயிட் பதிந்திருக்கும் புள்ளித் தொகுப்பு) நியரஸ்ட் ஃபேஸ் இன்டர்போலேட்டட் முறையில் புதுக் காலுக்கு மாற்றுங்கள். அப்புறம் கால் எலும்போடு சேர்ந்து அசைய ஆர்மேச்சர் மாடிஃபையர். விரல்கள் ஐந்துக்கும் சேர்த்து ஒரே எலும்புதான் இருக்கும். நடக்க அது போதும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது எஃப்பிஎக்ஸ் வேண்டாம், ஜிஎல்டிஎஃப் ஆக எடுங்கள். கோடோவுக்கு அதுதான் ஒத்துப்போகும்.

பாண்டி_பிக்சல் | 10:04

அக்கா, வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லையே! சரி, செய்து பார்க்கிறேன். ஒட்டுகிற இடத்தில் கோடு தெரியாதா?

தேங்காய்த்திட்டு | 10:11

தெரியும். இரண்டு பக்கமும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒத்துவராது, தோல் நிறமும் கொஞ்சம் மாறும். அதனால் ஒட்டை முழங்காலில் வைக்காதீர்கள், அந்த மடிப்பில் அசிங்கமாகத் தெரியும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இலையோ துணியோ சுற்றிய மாதிரி ஒரு பட்டை செய்து மூடுங்கள். கீழ் விளிம்பில் ஒரு தண்டை போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய கம்பெனிக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2014இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் கேமில் சோலஸ் என்ற எல்ஃபின் காலைப் பாருங்கள். துணி சுற்றி, விரல் மட்டும் வெளியே.

மஞ்சக்குப்பத்தான் | 10:30

விடை கிடைத்துவிட்டது. இனி என் சந்தேகம். எல்ஃபுக்கு வெறுங்கால் என்று யார் சொன்னது? வெறுங்காலோடு திரிவது ஹாபிட் ஆயிற்றே. டோல்கீன் எழுதிய லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நாவலில் ஹாபிட் என்ற குள்ள இனத்தவருக்குத்தான் உள்ளங்கால் தோல் மாதிரி தடித்து, மேலே ரோமமும் இருக்கும். அதில் லெகோலாஸ் என்ற எல்ஃப் பனிமலையில் பூட்ஸ் இல்லாமல் போகிறார், ஆனால் லேசான காலணி போட்டிருக்கிறார். 1954இல் வந்த முதல் பாகத்திலேயே இருக்கிறது.

வெறுங்கால்_வேங்கை | 10:47

அது நாவல். நாம் பேசுவது கேம். 2011இல் வந்த டிராகன் ஏஜ் 2ல் எல்ஃப்கள் வெறுங்காலோடுதான் வருகிறார்கள். மெரில் என்ற எல்ஃப் பெண் நகரத்துத் தெருவில் அப்படியேதான் நடக்கிறாள். மனிதனும் எல்ஃபும் பக்கத்தில் நின்றால் வேறுபாடு காதில் மட்டுமா தெரிய வேண்டும்? பூட்ஸ் போட்ட எல்ஃப், காது நீண்ட மனிதன். அவ்வளவுதான்.

சவுக்குத்தோப்பு | 11:05

வேங்கை அவர்களே, நீங்கள் சவுக்குத் தோப்பில் வெறுங்காலோடு நடந்ததுண்டா? கீழே உதிர்ந்து கிடக்கிற காய்ந்த சவுக்குக் காய் ஒவ்வொன்றும் குத்துகிற குத்து எனக்குத் தெரியும். காட்டில் வாழ்கிறவனுக்குத்தான் செருப்பு முதல் தேவை. கண்ணப்பர் யார்? வேடர். சிவலிங்கத்தின் மேல் அடையாளத்துக்கு வைத்த கால் என்ன கால்? செருப்புக் கால். பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையனுக்கு நாள் தவறாமல் செருப்புப் போட்டுக் காலில் தழும்பே விழுந்திருக்கிறது. காடு என்றால் வெறுங்கால் என்பது ஏசி ரூமில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு வருகிற எண்ணம்.

உவர்மண் | 11:20

அது என்ன காடு என்பதைப் பொறுத்தது. பிக்சல், உங்கள் கேமில் என்ன காடு?

பாண்டி_பிக்சல் | 11:26

பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காடு. வேர் மேல் தாவித் தாவிப் போவான்.

சவுக்குத்தோப்பு | 11:31

போச்சு! வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நிற்கும். வேரில் ஒட்டிய சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும். தில்லை மரத்துப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். உங்கள் எல்ஃப் முதல் லெவலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவான்.

உவர்மண் | 11:48

நான் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கம். எங்கள் ஊர்ச் சேற்றில் செருப்போடு இறங்கிப் பாருங்கள், அடுத்த அடியில் கால் வரும், செருப்பு வராது. அங்கே இருளர்கள் கழிமுகத் தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். காலடியில் என்ன இருக்கிறது என்று உள்ளங்கால் சொல்ல வேண்டும், அதற்குக் கால் வெறுமையாக இருக்க வேண்டும். சிப்பி அறுக்கும் என்பது உண்மைதான். எங்கே மிதிக்கக்கூடாது என்று தெரிந்தவர்கள் மிதிக்க மாட்டார்கள். ஆக, இவர் எல்ஃபுக்கு வெறுங்கால் சரிதான். அதே எல்ஃபை முந்திரிக்காட்டில் விட்டால் செருப்புப் போடுவேன். பனிமலைக்கு அனுப்பினால் பூட்ஸ்.

வெறுங்கால்_வேங்கை | 12:02

உவர்மண் சொன்னால் சரி.

நிரலாசான் | 12:15

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டீர்கள். கேமில் கால் எப்படி இருக்கும் என்பதைக் கதை முடிவு செய்வதில்லை, பட்ஜெட் முடிவு செய்கிறது. ஐந்து விரல், நகம், வளைவு எல்லாம் வரைவதைவிட ஒரு பூட்ஸ் வரைவது எளிது. அதனால் பெரும்பாலான எல்ஃப்கள் பூட்ஸ் போட்டிருக்கிறார்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

தேங்காய்த்திட்டு | 12:40

பட்ஜெட் இரண்டு பக்கமும் வெட்டும், ஐயா. 2004இல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் நைட் எல்ஃபுக்கு பூட்ஸ் ஒழுங்காகப் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் பாதம் மனிதப் பாத வடிவம். அதே கேமின் ட்ரோல் இனத்துக்கு எந்த பூட்ஸ் மாட்டினாலும் கணுக்காலுக்கு மேலேதான் தெரியும், விரல் வெளியே நிற்கும். மாரோவிண்ட் கேமில் பூனை முகக் கஜீத்துக்கும் பல்லி முக ஆர்கோனியனுக்கும் பூட்ஸ் போடவே விடமாட்டார்கள், அது 2002. கால் வடிவம் வித்தியாசமானால் ஒவ்வொரு பூட்ஸையும் தனியாகச் செய்ய வேண்டுமே! அங்கே வெறுங்கால்தான் மலிவு.

ஒலிப்பெட்டி | பிற்பகல் 2:20

குறுக்கே ஒரு வார்த்தை. பூட்ஸைக் கழற்றினால் சத்தத்தையும் கழற்ற வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் நடக்கிறவன் "டக் டக்" என்று நடந்தால் ரிவ்யூவில் சிரிப்பார்கள். ஒரு தட்டில் ஈர மண்ணைக் குழைத்து உள்ளங்கையால் தட்டி ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஃபேன் ஓடக்கூடாது.

பாண்டி_பிக்சல் | ஞாயிறு, காலை 8:05

கால் வந்துவிட்டது!! ஆனால் இன்னும் மிதக்கிறான். இப்போது பாதம் இருக்கிறது, தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் இடைவெளி. கேரக்டர்பாடியை (கோடோவில் ஆளை நகர்த்தும் நோட்) கீழே இறக்கினால் ஓடும்போது மறுபடி மேலே வந்துவிடுகிறான்.

மஞ்சக்குப்பத்தான் | 8:20

தமயந்தி சுயம்வரத்தில் நளனையும் அவன் வேடத்தில் வந்த தேவர்களையும் எப்படி அடையாளம் கண்டாள்? நளன் கால் தரையில் பட்டது, தேவர்கள் கால் படவில்லை. உங்கள் ஆள் தேவர் பக்கம் போய்விட்டார்.

உவர்மண் | 8:33

கொல்லிஷன் கேப்சூல் (மோதலைக் கணக்கிட ஆளைச் சுற்றி இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உறை) உயரத்தைப் பாருங்கள்.

டிரைவர்_தாஸ் | 8:41

டிரைவர்...

தேங்காய்த்திட்டு | 9:10

கேப்சூலைத் தொடாதீர்கள். பூட்ஸுக்கு ஹீல் இருந்ததா? இருந்திருக்கும். ஹீல் இருந்தால் கணுக்கால் எலும்பு அந்த உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டிருக்கும், எல்லா அனிமேஷனும் அந்த உயரத்தில்தான் செய்யப்பட்டிருக்கும். அடிப்பகுதித் தடிமனும் சேரும். நீங்கள் அதைக் கழற்றிவிட்டீர்கள், உயரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

பிளெண்டரில் பழைய பூட்ஸின் குதிகால் அடிப்பக்கத்துக்கும் புதுக் குதிகாலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கோடோவில் ஒரு யூனிட் ஒரு மீட்டர், அதனால் 5 செ.மீ. என்றால் 0.05. கேரக்டர்பாடியை இறக்கினால் கேப்சூல் தரையில் புதைந்து, இயற்பியல் அதை மறுபடி மேலே தள்ளிவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான். கேரக்டர்பாடிக்குள் சைல்டாக (அதற்குக் கீழ்ப்பட்டதாக) இருக்கிற மாடல் நோடை மட்டும் அந்த அளவு கீழே இறக்குங்கள்.

பாத எலும்பு சாய்வாக இருக்கிறதே என்று அதைத் திருப்பப் போகாதீர்கள், எல்லா அனிமேஷனும் கெடும். ரெஸ்ட் போஸில் (அனிமேஷன் இல்லாதபோது மாடல் நிற்கும் நிலை) பாதத்தைத் தட்டையாக வைத்து ஒட்டினால் போதும். மெஷ் (மாடலின் பரப்பு) ரெஸ்ட் போஸிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்றுதான் பார்க்கும், எலும்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்காது.

சவுக்குத்தோப்பு | 10:15

பூட்ஸை விட்டிருந்தால் இவ்வளவு வேலை இல்லை. சொல்லி வைக்கிறேன்.

வெறுங்கால்_வேங்கை | 10:19

கண்ணப்பர் காலில் இருந்தது ஹீல் இல்லாத செருப்பு.

பாண்டி_பிக்சல் | ஞாயிறு, இரவு 10:55

சரியாகிவிட்டது. 0.06 இறக்கினேன். தண்டையும் போட்டாச்சு. அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

மஞ்சக்குப்பத்தான் | 11:02

ரிவ்யூவில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் பாக்கி இருக்கிறது.

நிரலாசான் | 11:08

ஸ்கேலை அப்ளை செய்த பிறகுதான் எல்லாம் சரியாகப் பொருந்தியது என்பதைப் படிக்கிறவர்கள் கவனிக்கவும்.

புதுநகர்_பொன்னி | வியாழன், மாலை 5:30

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் கையுறை. கழற்றினால் கை இல்லை. அக்கா சொன்ன வழியில் வெயிட்டை மாற்றினேன், ஒரு விரலை மடக்கினால் பக்கத்து விரலும் சேர்ந்து இழுபடுகிறது.

தேங்காய்த்திட்டு | மாலை 6:45

கையில் விரலுக்கு விரல் எலும்பு தனி. விரல்கள் நெருங்கி இருந்தால் அருகில் உள்ள ஃபேஸ் என்று பக்கத்து விரலைப் பிடித்துக்கொள்ளும். கையுறையையும் புதுக் கையையும் விரல்களை நன்றாக விரித்த நிலையில் வைத்துவிட்டு மாற்றுங்கள், மிச்சத்தை வெயிட் பெயின்ட்டில் துடைத்துவிடலாம். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் புது இழை தொடங்குங்கள், இங்கே செருப்புச் சண்டையே இன்னும் ஓயவில்லை.