எம்87 ஜெட்: ஆற்றல் எங்கிருந்து, அந்தச் சுழல் கோடுகள் என்ன?

வளையம்: உள்ளே போனது வெளியே வராதென்றால், எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பீறிடும் ஜெட்டுக்கு (குறுகிய தாரைக்கு) ஆற்றல் எப்படிக் கிடைக்கிறது? 2021-இல் வெளியான அந்தக் கருந்துளையின் தளவிளைவுப் படத்தில் (ஒளி அதிரும் திசையைக் காட்டும் படம்) தெரியும் சுழல் கோடுகள் காந்தப்புலக் கோடுகளா?

காஸ்: உள்ளிருந்து எதுவும் வருவதில்லை. கருந்துளையின் சுழற்சிதான் மூலதனம். விழும் வாயு காந்தப்புலத்தையும் இழுத்து வருகிறது. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே முறுக்குவதால் புலக்கோடுகளும் முறுக்கேறி, ஆற்றலை அச்சு வழியே வெளியே தள்ளுகின்றன. இயற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்ட், ஸ்னாயெக் 1977-இல் சொன்னது இது. ஜெட்டின் திறன், காந்தப் பாயத்தின் (கருந்துளையை ஊடுருவும் மொத்தக் காந்தப்புலத்தின்) இருமடிக்கும் சுழற்சி வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதம்: பாயம் இரட்டித்தால் திறன் நான்கு மடங்கு. பாயமே இல்லையென்றால் எவ்வளவு சுழன்றும் பயனில்லை.

சாய்கோணம்: அவை புலக்கோடுகள் அல்ல; ஒளியின் மின்புலத் திசை. சின்க்ரோட்ரான் ஒளியில் (காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் உமிழ்வது) அது காந்தப்புலத்துக்குச் செங்குத்து. அதற்காக 90 பாகை திருப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள் (பலரும் வழுக்குவது இங்கேதான்). ஈர்ப்பு ஒளியை வளைக்கிறது. ஃபாரடே சுழற்சியும் (வழியிலுள்ள காந்தமேறிய வாயு ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்புவது) திசையை மாற்றுகிறது. அது அலைநீளத்தின் இருமடியைப் பொறுத்தது, படம் எடுத்த 1.3 மி.மீ.-இல் குறைவு, ஆனால் சுழியம் இல்லை. ஆகவே கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டே முடிவெடுத்தார்கள். கிடைத்த காந்தப்புல வலிமை 1 முதல் 30 காஸ் (காந்தப்புல அலகு). ஃபிரிட்ஜ் கதவுக் காந்தமே இதைவிட வலுவானது! ஆனாலும் படத்தோடு பொருந்தித் தேறிய மாதிரிகளில் பெரும்பாலானவற்றில், குவிந்த புலம் விழும் வாயுவையே தடுக்கிறது.

காஸ்: ஒன்று விட்டுப்போச்சு. ஜெட்டைக் குறுக்குவது காந்தப்புலம் மட்டுமல்ல. வெளியிலிருந்து, கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் காற்றும் சுற்றியுள்ள வாயுவும் அழுத்த வேண்டும். எம்87-இல் சுமார் ஒரு லட்சம் ஷ்வார்ஸ்சைல்டு ஆரம் (சுழலாத கருந்துளையின் விளிம்பு ஆரம்) வரை ஜெட் பரவளைய வடிவம், அதற்கப்பால் கூம்பு.