பேரியம் சல்பேட் வடிதாளில் நிற்காமல் இறங்கிவிடுகிறது, உதவுங்கள்

ஜெலுத்தோங் மாணவி:
வணக்கம். பினாங்கில் படிவம் 4 படிக்கிறேன். கரையாத உப்பு தயாரிக்கும் செய்முறையில் பேரியம் குளோரைடு, சோடியம் சல்பேட் இரண்டிலும் 0.5 மோலார் கரைசல் 20 மி.லி. எடுத்துக் கலந்தோம். உடனே வெள்ளையாக வீழ்படிவு, அதாவது கரையாமல் பிரியும் பொடி, வந்தது. ஆனால் வடிகட்டினால் கீழே இறங்கும் தண்ணீரும் பால் மாதிரிதான் இருக்கிறது. கணக்குப்படி 2.33 கிராம் வர வேண்டும், காய்ந்த பிறகு 1.9 தான். வினை முழுசாக நடக்கவில்லையா? அடுத்த வாரம் அறிக்கை கொடுக்க வேண்டும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
தாள் கிழிந்திருக்கும், இல்லை விளிம்புக்கு மேலே ஊற்றியிருப்பீர்கள். இரண்டு தாளைச் சேர்த்து மடித்து வைத்துப் பாருங்கள் தங்கச்சி.

கெமி டீச்சர், செந்தூல்:
இரண்டு தாள் போட்டாலும் இறங்கும். வினை நடந்துவிட்டதம்மா. பேரியம் சல்பேட் ஒரு லிட்டர் தண்ணீரில் 2.4 மில்லிகிராம் அளவுதான் கரையும். எக்ஸ்ரே எடுக்க அதைக் குடிக்கக் கொடுப்பதே இந்தத் துணிச்சலில்தான், கரையும் பேரியம் உப்பு என்றால் விஷம். உங்கள் வீழ்படிவு தாளின் துளைகளைவிடப் பொடியாக இருக்கிறது, அதுதான் சிக்கல். குளிர்ந்த கரைசல்களைச் சட்டென்று கலந்தால் ஒரே நேரத்தில் ஏராளமான படிகங்கள் தோன்றும், எதுவும் வளராது.

பேரியம் குளோரைடைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கி, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே சோடியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அப்புறம் சுடுநீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் வையுங்கள். சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றில் போய்ச் சேரும். மேலே தண்ணீர் தெளிந்தபின், கலக்காமல் அதை முதலில் வடிதாளில் ஊற்றுங்கள், அடியில் இருப்பது கடைசியில். தெளிந்த வடிநீரில் இரண்டு சொட்டு சல்பேட் விட்டுப் பாருங்கள். வெண்மை வராவிட்டால் பேரியம் முழுவதும் வினைபுரிந்துவிட்டது. பேரியம் கலந்த கரைசலைக் கை கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், ஆய்வுக்கூடக் கழிவுப் போத்தலில் ஊற்றுங்கள்.

ஜெலுத்தோங் மாணவி:
நன்றி டீச்சர். அடுத்து ஈய குளோரைடு. அதையும் சூடாகவே வடிகட்டலாமா?

கெமி டீச்சர், செந்தூல்:
வேண்டவே வேண்டாம். ஈய குளோரைடும் ஈய அயோடைடும் சுடுநீரில் நன்றாகக் கரையும், உப்பு தாள் வழியே போய்விடும். நன்றாக ஆறவிட்டு வடிகட்டுங்கள். கழுவுவதும் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில், கொஞ்சமாக.