பள்ளியில் செல்போன் தடை: பாம்பன் பக்கம் எப்படிச் செய்தால் பலன் கிடைக்கும்?

கேள்வி: மேலாண்மைக்குழு_பாம்பன்

9-ஆம் வகுப்பு முதல் 12 வரை செல்போனை அறவே நிறுத்தலாமா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேசப் போகிறோம். அப்பா கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை திரும்புவார், அம்மா பாசி எடுக்கவோ நண்டு கம்பெனிக்கோ போய்விடுவார். "அவசரத்துக்குப் பிள்ளையை எப்படிப் பிடிப்பது?" என்று கேட்கிறார்கள். தடை போட்டால் மார்க் ஏறுமா? போனை வாங்கி எப்படி வைப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கணக்கு_டீச்சர்

மார்க் ஏறும் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. இங்கிலாந்தில் 91 பள்ளிகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில் தடைக்குப் பிறகு மதிப்பெண் ஏறியது உண்மை. ஆனால் ஏறியது படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான், முன்னணியில் இருந்தவர்களுக்கு மாற்றமே இல்லை. அதே கேள்வியை ஸ்வீடனில் ஆராய்ந்தபோது அந்த ஏற்றமும் தெரியவில்லை. நார்வேயில் கேலி, சீண்டல் குறைந்தது. மனநலச் சிகிச்சைக்குப் போகும் பெண் பிள்ளைகளும் குறைந்தார்கள்.

2025-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களை ஆராய்ந்தது. தடை உள்ள பள்ளி, இல்லாத பள்ளி இரண்டிலும் மனநலம் ஒரே மாதிரிதான். பள்ளியில் மிச்சமான நேரத்தைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்துத் தீர்த்துவிடுகிறார்கள். போனில் அதிக நேரம் இருப்பவர்களுக்குத் தூக்கமும் படிப்பும் கெடுவது அதே ஆய்வில் தெரிகிறது.

நம் பள்ளிகளில் அந்த வாசலைத் திறந்து வைப்பதே நாம்தான். பகலில் போனைப் பிடுங்கிவிட்டு ராத்திரி 8 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் போட்டால், பிள்ளை போனை எடுக்காமல் என்ன செய்யும்? பாடம் பார்க்க எடுத்த போன் 11 மணி வரை ரீல்ஸ் ஓடும். கடைசிப் பீரியடில் 10 நிமிடம் ஒதுக்கி வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள், டைரியில் இறங்கட்டும். தடைக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பதில்: ஆபீஸ்_ரூம்

வைக்கும் முறை. ஒரே பெட்டியில் கொட்டினால் திரை கீறும், சண்டை வரும். வகுப்புக்கு 40 பை தைத்த துணித்தொங்கல் ஒன்று, பைக்கு ரோல் நம்பர். காலையில் வாங்கி அப்படியே சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டலாம். உப்புக் காற்றில் இரும்புப் பூட்டு சீக்கிரம் இறுகிவிடும், பித்தளைப் பூட்டே போடுங்கள். சாவி இரண்டு: ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று ஆபீசில்.

வாங்கும்போது போனை ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொல்லி, பிறகு ஆஃப் செய்யச் சொல்லுங்கள். செத்துப்போன பழைய செட்டைக் கொடுத்துவிட்டு நல்லதைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. சைலன்ட் போதாது, அலாரம் அடிக்கும். ரிஜிஸ்டரில் மாடலோடு, ஏற்கெனவே உள்ள விரிசலையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தகராறு பெரும்பாலும் அதில்தான். பேட்டரி உப்பிய போனை வாங்கவே வேண்டாம்.

மணி அடித்த பிறகு கொடுக்க ஆரம்பித்தால் பஸ் போய்விடும். கடைசி 5 நிமிடத்தில் வகுப்பிலேயே கொடுத்து முடியுங்கள்.

அவசரத்துக்கு ஆபீசில் ஒரு பட்டன் போன், இரண்டு வேறு கம்பெனி சிம். ஒன்றில் டவர் போனாலும் மற்றது எடுக்கும். வரும் தகவலைச் சீட்டில் நேரத்தோடு எழுதி 10 நிமிடத்துக்குள் வகுப்புக்கு அனுப்ப ஒருவர் பொறுப்பு. படகு பிடிபட்டது, ஆள் கரை திரும்பவில்லை என்ற சேதி மட்டும் சீட்டில் போகக் கூடாது. ஊர் குரூப்பில் சேதி உறுதியாகும் முன்பே ஓடுகிறது. வகுப்பு நடுவில் திரையில் அதைப் பார்க்கும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். சங்கத்திலோ மீன்துறையிலோ கேட்டு உறுதி செய்து, வகுப்பாசிரியர் தனியே கூப்பிட்டுச் சொல்லட்டும். தடைக்கு இதைவிட நல்ல காரணம் நம் கரையில் இல்லை.

பதில்: கீழக்கரை_உம்மா

பறிமுதல் விஷயத்தில் கவனம். பிள்ளை கொண்டுவருவது பாதி வீடுகளில் உம்மாவின் போன். கேஸ் புக்கிங், வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான். மாதக்கணக்கில் வைத்தால் தண்டனை வீட்டுக்குத்தான். முதல் முறை அன்று மாலையே கொடுங்கள், அடுத்த முறை வீட்டுப் பெரியவர் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். கடலிலும் துபாயிலும் இருக்கும் வாப்பாவை வரச் சொல்லி என்ன செய்ய? துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஒரு மணிச் சாப்பாட்டு இடைவேளை என்றால் இங்கே இரண்டரை, வகுப்பு நடக்கும். ராத்திரி பேசுங்கள் என்று பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

போனைத் திறந்து கேலரி பார்க்கும் வேலை ஆசிரியருக்கு வேண்டாம். பெண் பிள்ளையைத் தப்பாகப் படம் எடுத்ததாகப் புகார் வந்தால் அழிக்கவும் கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. ஆஃப் செய்து உறையில் வைத்து எச்.எம். கையெழுத்துடன் மூடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், இணையத்தில் பரவியிருந்தால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கும். பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், பள்ளிக்குள் பேசி முடிக்க இடமில்லை.

மேலாண்மைக்குழு_பாம்பன்

நன்றி. பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறதே, அதற்குப் போன் வேண்டாமா?

கணக்கு_டீச்சர்

வேண்டாம் தம்பி. ஆசிரியர் ஒருவர் ஸ்கேன் செய்து ஸ்மார்ட் போர்டிலோ ஹைடெக் லேபிலோ போட்டால் வகுப்பு முழுக்கப் பார்க்கும். ஆனால் அந்த ஆசிரியரும் மற்ற நேரத்தில் போனை மேஜைக்குள் வைக்க வேண்டும், அதையும் தீர்மானத்தில் எழுதுங்கள்.