புதுப்பிப்பு: ஐஐடிக்கு மூளை மையம் எதற்கு?

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் பற்றிய என் பழைய இழையில், "பொறியாளர்களுக்கு மூளை ஆராய்ச்சி எதுக்குங்க?" என்று கேட்டிருந்தீர்கள். 2024 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட 'தரணி' என்ற கருமூளை வரைபடத் தொகுப்பே பதில். இரண்டாம் மும்மாதக் (கர்ப்பத்தின் 4 முதல் 6 மாதம் வரை) கருக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த 5,132 படங்கள், முப்பரிமாண வரைபடமாக. செல் வரை பெரிதாக்கலாம். உறையவைத்துச் சீவுவது, சாயமேற்றுவது, ஸ்கேன் செய்வது, கணினியில் அடுக்குவது என்று பாதிக்கு மேல் பொறியியல்தான். எந்தப் பகுதி எது என்று குறிக்க மட்டும் நரம்பியல் தெரிந்தவர் வேண்டும் (அந்த 'மட்டும்' சாதாரணமில்லை!).

பார்க்கக் கட்டணமில்லை. கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.

மையம் தொடங்கப் பணம் யாருடையது என்றவருக்கு: இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் கொடுத்தது. மையம் தொடங்கியது 2022இல்.